தேனைப் போத்தலில் போட்டு விற்போம்

திருகோணமலை மாவட்டத்துத் திரியாயில் பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. அங்குள்ள கிரிகண்டி சைத்தியத்தை அமைத்தவர்கள் திரபுசகர், வல்லிகர் எனும் வணிகக் கூட்டத்தார் என்கிறது அது. புத்தருக்குத் தேனும் மாப்பண்டமும் படைத்த இரு வியாபாரிகளின் பெயரும் இவைதான். தேனும் வியாபாரமும் நம் நாட்டில் பழைய கூட்டாளிகள்!

லயத்துப் பக்கம் இரண்டு மூன்று தேனீப் பெட்டி வைத்திருக்கிறீர்களா? தேனைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல் நாலு காசு பார்க்க இவற்றைக் கவனியுங்கள்.

1. அடையில் முக்கால் பங்கு அறைகளையாவது தேனீ மெழுகால் மூடிய பிறகே தேன் எடுக்க வேண்டும். முற்றாத தேனில் தண்ணீர் கூட. போத்தலில் புளித்து நுரைக்கும்.

2. அடையைக் கையால் பிழியாதீர்கள். சுற்றும் எந்திரத்தில் எடுத்து, வடிகட்டி, இரண்டு நாள் மூடி வையுங்கள். நுரையும் மெழுகும் மேலே வந்துவிடும், வழித்தெடுக்கலாம்.

3. போத்தலைக் கழுவி நல்லா காயவைத்து ஊத்துங்கள். ஒரு சொட்டு ஈரமும் ஆகாது.

4. தேன் தண்ணீரைவிடக் கனம். 750 மில்லிலீட்டர் போத்தலில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே பிடிக்கும். நிறுக்காமல் விலை சொன்னால் நமக்குத்தான் நட்டம்.

5. லேபிளில் பெயர், நிறை, எடுத்த திகதி எழுதுங்கள். ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதையும் சேருங்கள்.

எந்திரம் வாங்கத் தனியாளுக்குக் கஷ்டம்தான். தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்போர் 1937இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்துச் சேர்ந்து விற்கத் தொடங்கினார்கள். நாமும் நாலைந்து குடும்பம் சேர்ந்தால் ஒரே எந்திரம், ஒரே லேபிள் போதும்.

ஆனால் ஒன்று: ஒருவர் சீனிப்பாணி கலந்தாலும் எல்லாருடைய பெயரும் கெடும். அடுத்த போத்தலை யாரும் வாங்கமாட்டார்கள்.