முழு ஆண்டு லீவில் படித்த கரிசல் கதைகள்



மே மாதம் 31 நாளும் டி.வி. பார்த்தே கழிப்பது என்றுதான் இருந்தேன். முதல் வாரமே டி.வி. ரிப்பேர். வேறு வழி இல்லாமல் நூலகத்துக்குப் போனேன். (வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். காசு கட்டிவிட்டு எட்டிக்கூடப் பார்க்காமல் இருக்கிறோம்!) நம் பக்கத்து எழுத்தாளர்களாகப் பார்த்து எடுத்தேன். முழுசாகப் படித்தது நாலு புத்தகம், பாதியில் நிற்பது ஒன்று.

முதலில் கி. ராஜநாராயணன் கதைகள். கோவில்பட்டி பக்கம் இடைசெவல் அவர் ஊர். அதில் 'கதவு' என்று ஒரு கதை. ஒரு ஏழை வீட்டுப் பிள்ளைகள் வீட்டுக் கதவைப் பஸ் என்று நினைத்து ஏறி ஆடி விளையாடுகிறார்கள். தெருவில் கிடைத்த ஒரு தீப்பெட்டிப் படத்தை அதில் ஒட்டியும் வைக்கிறார்கள். தீர்வை பாக்கிக்காக அந்தக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு குளிர்காலம் வருகிறது, வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. மீதியை நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு 'தீர்வை' என்றால் புரியவில்லை. கணக்கில் வருகிற 'தீர்வு' என்றே நினைத்துவிட்டேன். அம்மாவிடம் கேட்டேன். "நெலத்துக்குக் கட்டுற வரிடா. கட்டலைன்னா தலையாரி வந்து நிப்பாரு"ன்னாங்க. "எங்க, கதையைச் சத்தமா வாசி"ன்னாங்க. வாசித்தேன். தீப்பெட்டிப் படம் வந்ததும், "நிறுத்து, அது எந்த ஆபீஸ் லேபிளுன்னு போட்டிருக்கா?" என்று கேட்டார்கள். அம்மா சின்ன வயசில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் கிளி போட்டது, மயில் போட்டது என்று எத்தனை லேபிள் அவர்களுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கதை முடிந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நான் வாசிக்க, அம்மா கேட்பது என்று ஆகிவிட்டது. கரிசல் கதைக்கு அகராதி தேடி அலைய வேண்டாம், வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். சத்தம் போட்டு வாசித்தால் பாதி வார்த்தை காதுக்குத் தானாகவே புரிந்துவிடும். கண்ணால் மட்டும் படித்தபோது முட்டிய இடமெல்லாம் எனக்கு அப்படித்தான் புரிந்தது.

அடுத்து கு. அழகிரிசாமி. இவரும் அதே இடைசெவல்தான். ஒரே ஊரில் இரண்டு பேர், இரண்டு பேருக்குமே சாகித்திய அகாதெமி விருது! அழகிரிசாமிக்கு 'அன்பளிப்பு' தொகுப்புக்காக 1970-இல், அதுவும் அவர் இறந்த பிறகு. கி.ரா.வுக்கு 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக 1991-இல். 'அன்பளிப்பு' கதையில் ஒருவர் தெருப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுப்பார். இரண்டு பேருக்கு மட்டும் டைரி கொடுத்துவிடுவார். சாரங்கன் என்ற பையனுக்கு இல்லை. அவ்வளவுதான் விஷயம். நம்ம ஊரில் டைரிக்கா பஞ்சம்? எங்கப்பா வேலை பார்க்கும் அச்சாபீஸில் இருந்து அச்சு தப்பிய டைரி வீட்டுக்கு வரும். பின்பக்கத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். அதனால் 'டைரிக்குப் போயா இவ்வளவு' என்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன். கடைசிப் பக்கத்தில் சாரங்கன் என்ன செய்கிறான் என்று படித்த பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பூமணி எழுதிய 'வெக்கை' (1982) நாவலைத்தான் 'அசுரன்' (2019) என்று படம் எடுத்தார்கள். படம் பார்த்தாச்சே என்று விட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு. நாவலில் சிதம்பரம் என்கிற 15 வயசுப் பையன் கொலை செய்துவிட்டு அய்யாவோடு காட்டில் ஒளிந்து திரிகிறான். எதைச் சமைப்பது, எங்கே படுப்பது என்று போகிறது. சண்டையைவிட அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடித்தது. சின்ன வகுப்புத் தம்பி தங்கைகளுக்கு இது வேண்டாம், கொஞ்ச நாள் கழித்துப் படிக்கட்டும்.

மேலாண்மை பொன்னுச்சாமியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம்ம விருதுநகர் மாவட்டம், மேலாண்மறைநாடு கிராமம். படித்தது 5-ஆம் வகுப்பு வரைதான். ஊரில் சின்னக் கடை வைத்துக்கொண்டே கதை எழுதினார். 'மின்சாரப்பூ' சிறுகதைத் தொகுப்புக்கு 2007-இல் சாகித்திய அகாதெமி விருது. 2017-இல் காலமானார். சில கதைகளில் நியாயத்தை அவரே நேராகச் சொல்லிவிடுகிறார், அது எனக்குக் கொஞ்சம் குறையாகப் பட்டது. அம்மா இதை ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்னா என்ன? நியாயந்தானே"ன்னாங்க.

பின் அட்டையில் இருந்ததை வாசித்தபோது, "அஞ்சாப்பா? நெசமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார்கள். மறுநாள் புத்தகத்தைக் கையில் வாங்கி, "பெரிய எழுத்துன்னா கூட்டிப் படிச்சிருவேன்" என்று அட்டையில் 'மி...ன்...சா' என்று விரலை வைத்து ஆரம்பித்தார்கள். 'ஞ' வந்தால் மட்டும் இன்னும் என்னைப் பார்க்கிறார்கள். தலைப்பு மட்டும் அம்மா படிப்பது, கதையை நான் வாசிப்பது என்று இப்போது பங்கு பிரித்திருக்கிறோம்.

நம்ம மாவட்டத்து மல்லாங்கிணறில் பிறந்த எஸ். ராமகிருஷ்ணனின் 'சஞ்சாரம்' நாகஸ்வரக் கலைஞர்கள் கதையாம், 2018-இல் விருது வாங்கியது. அது அடுத்த லீவுக்கு.

பாதியில் நிற்பது கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' (1976). ஆந்திரப் பக்கமிருந்து தப்பி ஓடிவந்தவர்கள் கரிசலில் காடு திருத்தி ஊர் உண்டாக்குகிறார்கள். மங்கத்தாயாரு அம்மாள் என்கிற ரொம்ப வயசான பாட்டி அந்தப் பழைய கதையைச் சொல்கிறார். நல்ல இடத்தில் தவணை முடிந்துவிட்டது. வேறு ஒருவர் கேட்டு வைத்திருந்ததால் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. "அந்தப் பாட்டி என்னடா ஆச்சு?" என்று அம்மா தினமும் கேட்கிறார்கள். உங்கள் யார் வீட்டிலாவது அந்தப் புத்தகம் இருந்தால் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில், ஜன்னல் ஓரம் மூன்றாவது பெஞ்சில் என்னிடம் தரவும். அட்டை போட்டு, பத்து நாளில் திருப்பித் தந்துவிடுவேன்.