ஆசிரியரும் மாணவரின் கல்வித் தன்னம்பிக்கையும்: கோலார் தங்கவயல் காட்டும் சான்று

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு எல்லையையொட்டி அமைந்துள்ள கோலார் தங்கவயலில் மைசூர், சாம்பியன் ரீஃப், உரிகம், நந்திதுர்க் என நான்கு பெருஞ்சுரங்கங்கள் இயங்கிவந்தன. இவற்றுள் முதலாவதைச் சுற்றியுள்ள குடியிருப்பை மக்கள் 'மைசூர் மைன்ஸ்' என்றே வழங்குகின்றனர். ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் பணியை மேற்கொண்டதைத் தொடர்ந்து, வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. தந்தை இறங்கிய குழியில் மகனும் இறங்குவான் என்ற உறுதி அன்றோடு அற்றுப்போயிற்று. இன்று தங்கவயலிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். பள்ளிப்படிப்பு அங்குள்ள குடும்பங்களுக்கு வாழ்வாதார வினாவாகிவிட்டது.

இந்நிலையில், 'நம்மால் படிக்க முடியும்' என்னும் நம்பிக்கை மாணவரிடம் எவ்வாறு தோன்றுகிறது, அதில் ஆசிரியரின் பங்கு யாது என்பன ஆராயத்தக்கவை. வியப்பிற்குரிய செய்தி என்னவெனில், இதற்கு விளக்கமளிக்கும் சான்றொன்று அதே சுரங்கத்தின் ஆழத்திலேயே கிடைக்கிறது.

1951ஆம் ஆண்டில் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த ஹோமி பாபா, தம்மிடம் ஆய்வு மாணவராயிருந்த பி. வி. ஸ்ரீகண்டனைக் கோலார் சுரங்கங்களுக்குச் சென்று, வெவ்வேறு ஆழங்களில் அண்டக் கதிர்த் துகள்களான மியூவான்களை அளக்குமாறு பணித்தார். மைசூர் மாநிலத்து நஞ்சன்கூட்டைச் சேர்ந்த ஸ்ரீகண்டனுக்கு அப்போது வயது 26. இந்திய நாட்டில் எவரும் அதுவரை சுரங்கத்தினுள் அத்தகைய அளவீட்டைச் செய்ததில்லை. பார்த்து எழுத முன்மாதிரியும் இல்லை. கருவியையும் தாமே அமைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1954இல் அவர் முனைவர் பட்டம் பெற்றார். 1975 முதல் 1987 வரை அந்த நிலையத்திற்கே இயக்குநராக விளங்கினார்.

இங்கு ஆசிரியர் செய்தது என்ன? புகழ்மொழி கூறித் தட்டிக்கொடுத்ததைவிட மேலானது ஒன்றை அவர் செய்தார்: விடை தெரியாத ஒரு மெய்யான வினாவை மாணவர் கையில் ஒப்படைத்தார். வினா கடினமானது, ஆயினும் எல்லை வகுக்கப்பட்டது. ஒரு மட்டத்தில் அளந்த பின்னரே அடுத்த மட்டத்திற்கு இறங்க வேண்டும். ஒவ்வொரு மட்டத்தின் அளவும் அடுத்ததற்குத் துணிவைத் தரும்.

தொடர்ந்து நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. 1960களின் தொடக்கத்தில் இந்த ஆய்வுக்குழு 2,700 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் கருவியை வைத்தபோது மியூவான் ஒன்றேனும் பதிவாகவில்லை. பள்ளித் தேர்வாயின் இதற்குச் சுழியமே மதிப்பெண்ணாகும். ஆய்வாளரோ அவ்வெறுமையை ஒரு செய்தியாகக் கொண்டனர். பிற துகள்களின் குறுக்கீடு இல்லாத இடமெனில், எளிதில் அகப்படாத நியூட்ரினோவைத் தேடுவதற்கு அதுவே ஏற்றது என முடிவு செய்தனர். 1965இல் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்புடன், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் கண்டறியப்பட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் பணியாற்றிய குழுவும் அதே ஆண்டில் இதனைக் கண்டது. உலகில் முதன்முதலாகக் கிடைத்த சான்றுகள் இவையே.

தவறான விடையையும் கிடைக்காத விடையையும் எவ்வாறு நோக்குவது என்பதில்தான் வகுப்பறை ஆசிரியரின் திறமை பெரிதும் வெளிப்படுகிறது. உளவியலறிஞர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒருவருடைய தன்திறன் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உண்டு. தாமே செய்துமுடித்த அனுபவம், தம்மையொத்தவர் செய்வதைக் காணுதல், பிறர் தரும் ஊக்கமொழி, மனவுடல் நிலை என்பன அவை. இவற்றுள் முதலாவதே வலிமைமிக்கது என்றார் அவர். நம் பள்ளிகளிலோ மூன்றாவதையே பெரிதும் நம்பியிருக்கிறோம். அதிலும் ஓர் இடர் உண்டு. கிளாடியா முல்லர், கரோல் டுவெக் ஆகியோர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ அறிவாளி' எனப் பாராட்டப்பெற்ற சிறுவர்கள் ஒரு தோல்விக்குப்பின் தளர்ந்தனர். முயற்சிக்காகப் பாராட்டப்பெற்றவர்கள் கடினமான கணக்குகளை விரும்பி மேற்கொண்டனர்.

தங்கவயலில் இரண்டாவது ஊற்று தனிச்சிறப்புடையது. தொழிலாளர் குடியிருப்புகள் வரிசையாக அமைந்த 'லைன்' வீடுகள். ஒரு வீட்டுப் பெண் கல்லூரிக்குச் சென்றால் அவ்வரிசை முழுவதும் அறியும். அவளைப் பள்ளிக்கு அழைத்து, எட்டாம் வகுப்பில் தான் எந்தப் பாடத்தில் இடறினாள், பின்னர் எவ்வாறு தேறினாள் என்று பேசச் செய்யும் ஆசிரியர், தொலைவிலுள்ள மேதைகளின் வரலாற்றைக் கூறுபவரைவிட அதிகம் சாதிப்பார்.

மொழிச்சிக்கலையும் குறிப்பிட வேண்டும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும், பாடநூலில் கன்னடமோ ஆங்கிலமோ என வாழும் குழந்தை வகுப்பில் வாய்திறவாதிருந்தால், அதற்கு அறிவுக்குறை காரணமென்று கொள்ளலாகாது. முதலில் தன் மொழியில் எண்ணிச் சொல்லவிட்டுப் பின்னர் பாடமொழிக்குக் கொண்டுவருவதே முறை. 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும், இயன்றவரை தாய்மொழியில் கற்பித்தல் வேண்டும் என்றும், குழந்தையை அச்சம், அதிர்ச்சி, பதற்றம் ஆகியவற்றினின்று விடுவித்தல் வேண்டும் என்றும் கூறுகிறது.

பாடப்பொருளும் ஊரிலேயே கிடக்கிறது. சுரங்கத்தின் ஆழம் ஏறத்தாழ 3,200 மீட்டர். அஃது எத்தனை அடி என்று கேட்டால், பத்தாயிரம் அடிக்கு மேல் என்பதைப் பாட்டனாரிடம் கேட்டறிந்த சிறுவன் கணக்கிடுமுன்னரே சொல்லிவிடுவான். கணக்கு அவன் சொல்லை மெய்ப்பிக்கும். ஊரைச் சூழ்ந்து நிற்கும் சயனைடு மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேற்பட்ட கழிவுமண் குவிந்துள்ளது. மேட்டின் உயரத்தை நிழலைக்கொண்டு அளப்பது வடிவொத்த முக்கோணங்களுக்குரிய நேரிய பயிற்சி. கணிதத்தில் பின்தங்கியவன் எனப் பெயரெடுத்த மாணவனிடம் அளவுநாடாவைக் கொடுத்து, அவன் எடுத்த அளவையே வகுப்பு முழுவதும் பயன்படுத்தச் செய்தால், அவனுக்கு வகுப்பில் ஓர் இடம் உண்டாகிறது. அளவு பிழையாயின் மீண்டும் அளக்கலாம். மேடு எங்கும் போய்விடாது.

இவற்றுக்கெல்லாம் காலம் வேண்டும். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் ஐம்பது மாணவரை வைத்துக்கொண்டு பாடத்திட்டத்தை முடிக்க விரையும் ஆசிரியரிடம் இதனை எதிர்பார்ப்பது நியாயமன்று. தேர்ச்சி விழுக்காட்டை மட்டும் கேட்கும் ஆய்வு அலுவலர், வகுப்பில் அரைமணி நேரம் அமர்ந்து, எத்தனை மாணவர் தாமாக வினா எழுப்பினர், தவறாக விடையளித்தவர் மறுமுறை கைதூக்கினாரா என்பவற்றையும் தம் குறிப்பேட்டில் எழுதலாம். இதற்கெனத் தனி நிதியோ புதிய படிவமோ தேவையில்லை. பழைய படிவத்தின் பின்பக்கமே போதும்.