வரைபடக் கோப்புகளும் கண்மாய் மடையும்

மதுரை வட்டாரத்துச் சமவெளியில் கண்மாய் இல்லாத கிராமம் அரிது. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் மடையைப் புதுப்பிப்பதானாலும் கலிங்கைச் செப்பனிடுவதானாலும் முதலில் வேண்டுவது வரைபடம். முன்னாளில் அது தாளில் மையால் வரையப்பட்டுக் கைமாறியது. இந்நாளில் கணினிக் கோப்பாகச் செல்கிறது. புல எல்லைகள் ஒரு மென்பொருளிலும், கண்மாயின் பரப்பும் மட்டக்கோடுகளும் மற்றொன்றிலும், பொறியாளரின் கட்டுமானப் படம் வேறொன்றிலும் உருவாகின்றன. இம்மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் மதிப்பீடு உருவாகும். அவ்வாறு சேர்க்கும்போது நேரும் இடையூறு யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் நலம்.

ஓர் அனுபவம்

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில் ஒரு மடைக்கு வரைபடம் தயாராயிற்று. கோப்பு மிகப் பெரிதாக இருந்தமையால் மின்னஞ்சலில் செல்லவில்லை. உடனே ஒருவர் அதனைப் படமாக மாற்றி, வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பிவிட்டார். கோப்பு சிறுத்தது, அதிலிருந்த எண்களும் மங்கின. மடையின் அடிமட்டம் 98.35 மீட்டர் என்றிருந்ததை வேலை செய்தவர்கள் 98.85 என்று படித்தனர். கான்கிரீட் ஊற்றுமுன் அவ்வூரில் நீர்பாய்ச்சியாக இருந்த முதியவர் ஒருவர் வந்து பார்த்து, "பழைய மடை வாயைவிட இது முழங்கால் உயரம் மேலே நிற்கிறதே, ஐயா!" என்றார். அளந்து பார்த்தோம், அவர் கூறியதே சரி. அவர் சொல்லாதிருந்தால், அரை மீட்டர் நீர் ஒவ்வோர் ஆண்டும் வயலுக்குப் பாயாமல் கண்மாயிலேயே தங்கியிருக்கும். கடைமடை வயல்கள் காய்ந்திருக்கும்.

கோப்பு பெருப்பது ஏன்?

ஆட்டோகேட் என்னும் வரைபட மென்பொருள் 1982-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதன் சொந்தக் கோப்புக்கு டி.டபிள்யூ.ஜி. என்று பெயர். பிற மென்பொருள்களோடு கொடுக்கல் வாங்கல் செய்ய ஏற்பட்டது டி.எக்ஸ்.எஃப். என்னும் கோப்பு. கட்டணமின்றிக் கிடைக்கும் கியூ.ஜி.ஐ.எஸ்., லிப்ரேகேட் ஆகியவையும் இதனைப் படிக்கும். ஆனால் டி.எக்ஸ்.எஃப். கோப்பு பெரும்பாலும் எழுத்து வடிவில் சேமிக்கப்படுவது. ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடமும் நீண்ட எண்ணாக வரிவரியாக எழுதப்படுவதால் கோப்பு பன்மடங்கு பெருக்கும்.

இரண்டாவது காரணம், வளைகோடுகள். ஒரு மென்பொருளின் வளைகோட்டை மற்றொன்று ஏற்காதபோது, அது நூற்றுக்கணக்கான சிறு நேர்கோடுகளாக உடைக்கப்படுகிறது. மூன்றாவது, உபயோகமற்ற அடுக்குகளும் பழைய உருப்படிகளும். கண்மாயில் வண்டல் சேர்வதுபோல இவை கோப்பில் சேர்ந்து கிடக்கும். நான்காவது, ஸ்கேன் செய்து ஒட்டிய படங்கள். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் சுமார் 87 லட்சம் புள்ளிகள் உண்டாகும். சுருக்காத நிலையில் வண்ணப்படமாயின் இதற்கு 2 கோடியே 61 லட்சம் பைட் இடம் வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப்படமாயின் 11 லட்சம் பைட் போதும். இருபத்து நான்கில் ஒரு பங்கே! ஜிமெயிலில் இணைப்பின் வரம்பு 25 மெகாபைட் என்பதை இங்கு நினைவிற் கொள்க.

செய்ய வேண்டுவன

1. மூலக் கோப்பைத் தனியே பத்திரப்படுத்தி, நகலில் மட்டும் மாற்றம் செய்க.

2. நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவதுபோல, பர்ஜ் என்னும் கட்டளையால் உபயோகமற்றவற்றை நீக்குக. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடுகளை ஓவர்கில் என்னும் கட்டளை களையும்.

3. வேலைக்குரிய பகுதியை மட்டும் அனுப்புக. ஒரு மடைக்காக முழுக் கிராமப் படத்தையும் அனுப்ப வேண்டியதில்லை.

4. மட்டக்கோடுகளில் நெருக்கமான புள்ளிகளைக் குறைக்கலாம். புல எல்லைக் கற்களைக் குறிக்கும் புள்ளிகளில் கைவைக்கலாகாது. வைத்தால் எல்லைத் தகராறு எழும்.

5. பழைய கோட்டுப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்க.

6. டி.எக்ஸ்.எஃப். கோப்பை ஜிப் முறையில் சுருக்கி அனுப்புக. எழுத்து வடிவாதலின் அது நன்கு சுருங்கும். விரித்தால் ஓர் எண்ணும் மாறாது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட புகைப்படங்கள் இவ்வாறு அதிகம் சுருங்கமாட்டா.

7. வாட்ஸ்அப்பில் அனுப்ப நேர்ந்தால் புகைப்படமாக அன்றி, ஆவணமாக அனுப்புக. கூடவே பி.டி.எஃப். பிரதி ஒன்றும் இருக்கட்டும்.

பெறுவோர் கடமை

கோப்பு வந்து சேர்ந்ததும் அளவலகைச் சரிபார்த்தல் அவசியம். மில்லிமீட்டரில் வரைந்த படத்தை மீட்டராகக் கொண்டால் எல்லாம் ஆயிரம் மடங்காகிவிடும். ஆகவே கரையின் நீளம் போன்ற, முன்பே தெரிந்த ஓர் அளவைப் படத்தில் அளந்து ஒப்பிட வேண்டும்.

ஊராட்சி அன்பர்கள் கணினி அறிய வேண்டும் என்பதில்லை. வேலை தொடங்குமுன், எண்கள் தெளிவாகத் தெரியும் படத்தைக் கேட்டுப் பெறுங்கள். மடையின் அடிமட்டம், கலிங்கின் மேல்மட்டம், கரையின் நீளம் ஆகிய மூன்றையும் அலுவலர் முன்னிலையில் களத்தில் அளந்து பாருங்கள். ஊரில் நீர் பாய்ச்சிப் பழகிய பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கோப்பைச் சிறிதாக்குவது வேலை தாமதமின்றி நடப்பதற்காக. அளவைக் காப்பது வேலை பயன் தருவதற்காக. முன்னதற்காகப் பின்னதை இழப்பது, சுமை குறையட்டும் என்று விதைநெல்லை வழியில் கொட்டிவிட்டு வயலுக்குப் போவதை ஒக்கும்.