வற்றும் பெருக்கும் பாடும்

அலவத்துகொட மலைசூழ்ந்த ஊர். அலையோசை இங்கு எட்டுவதில்லை. ஆயினும் கடல் எமக்கு அயலானதன்று. இப்பகுதியில் ஓடும் பிங்கா ஓயா மகாவலியிற் கலக்கின்றது. மகாவலியின் ஒரு பகுதி 1976 ஆம் ஆண்டு தொடக்கம் பொல்கொல்லையில் வடக்கே திருப்பப்படினும், எஞ்சிய நீர் கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகின்றது. எமது உணவிற் சேரும் கருவாடும் இறாலுமோ கடற்கரை மக்களின் உழைப்பால் வந்தவை. ஆதலின், கடல் ஏறி இறங்கும் முறையையும், அதனை நம்பி வாழ்வோர் தமக்குள் வகுத்துக்கொண்ட ஒழுங்கையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

கடல்நீர் ஏறுதலைப் பெருக்கு என்றும், இறங்குதலை வற்று என்றும் கரையோர மக்கள் வழங்குவர். நூலோர் ஓதம் என்பர். சந்திரனும் சூரியனும் கடலை ஈர்ப்பதே இதற்குக் காரணம் என்பதை நியூற்றன் 1687 ஆம் ஆண்டு வெளியிட்ட தமது பெருநூலில் விளக்கினார். சந்திரனை நோக்கிய பக்கத்திலுள்ள நீர், பூமியின் நடுவிலும் மிகுதியாக ஈர்க்கப்படுகின்றது. மறுபக்கத்திலுள்ள நீர் குறைவாக ஈர்க்கப்பட்டுப் பின்தங்குகின்றது. ஆகவே இரு பக்கமும் நீர் உயர முற்படுகின்றது. எமது தீவின் கரைகளில் நாளொன்றுக்கு இருமுறை பெருக்கும் இருமுறை வற்றும் நிகழ்வது இதனாலேயாம். சூரியன் மிகப் பெரியதாயினும் மிகத் தொலைவில் இருத்தலின், ஓதத்தை எழுப்பும் அதன் வலு சந்திரனது வலுவிற் பாதிக்கும் சற்றுக் குறைந்ததே.

அமாவாசையிலும் பூரணையிலும் சூரியன், சந்திரன், பூமி ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்றலின், இரு வலுவும் ஒன்றுசேர்ந்து பெருக்கை உயர்த்தி வற்றைத் தாழ்த்துகின்றன. அட்டமியை அண்டிய நாட்களில் அவை ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்றலின் ஏற்ற இறக்கம் குறைகின்றது. மேலும், சந்திரன் நாடோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி உச்சிக்கு வருகின்றது. இஃது இரண்டு நாழிகையிலும் இரண்டு நிமிடமே கூடியது. ஆகவே, இன்று மாலை 6 மணிக்குப் பெருக்கு நிறைந்ததாயின், அடுத்த பெருக்கு நாளைக் காலை 6.25 அளவிலும், அதற்கடுத்தது மாலை 6.50 அளவிலும் நிறையும். பஞ்சாங்கத்திலே திதியை நோக்கத் தெரிந்த மாணவன் கடலின் போக்கையும் ஓரளவு கணித்துவிடலாம்.

எமது கடலின் ஏற்றம் எவ்வளவு? கொழும்பை அடுத்த கரையில், மிகுந்த பெருக்கு நாட்களிலும் அது ஏறக்குறைய இரண்டடி, அதாவது 60 சென்ரிமீற்றர் அளவினதே. குசராத்து நாட்டுப் பவநகரில் அது 10 மீற்றரைக் கடக்கும். கனடாவின் பண்டி விரிகுடாவில் 16 மீற்றரை எட்டும். புனல்போல் உள்ளே ஒடுங்கிச் செல்லும் விரிகுடாக்களில் நீர் நெருக்குண்டு உயர்கின்றது. எமது மேற்குக் கரைக்கு அத்தகைய அமைப்பில்லை. எனின், இவ்விரண்டடி நீரால் ஆவதென்ன என வினவலாம். விடையை நீர்கொழும்பிற் காண்பாம்.

நீர்கொழும்புக் களப்பு ஏறக்குறைய 32 சதுர கிலோமீற்றர் பரப்புடைய ஆழங்குறைந்த நீர்நிலை. தெற்கே முத்துராஜவெலச் சதுப்பு நிலம் அதனை அடுத்துளது. தண்டுகம் ஓயா அதற்கு நன்னீர் கொணர்கின்றது. வடக்கே ஒடுங்கிய வாயில் ஒன்றினால் அது கடலோடு தொடர்புறுகின்றது. வெளியே இரண்டடி உயரும் நீர் இவ்வொடுங்கிய வாயிலிற் புகுந்து வெளியேறும்போது வலிய நீரோட்டமாகின்றது. உயரத்திற் சிறிதாயினும் ஓட்டத்திற் பெரிது.

இவ்வோட்டமே இறாலின் வழி. இறால் கடலில் முட்டையிடும். அம்முட்டையினின்று தோன்றிய நுண்குஞ்சுகள் சில கிழமைகளுள் பெருக்கோடு களப்பினுட் புகுகின்றன. அங்குக் கண்டல் மரங்களின் வேர்களிடையேயும் நீர்ப்பாசிகளிடையேயும் இரைதேடி, சில மாதங்களில் வளர்ச்சியுற்று, இனம்பெருக்குதற்பொருட்டு இரவில் வற்று நீரோடு மீண்டும் கடலை நாடுகின்றன. ஆகவே களப்பு மீனவன் இறாலைத் தேடி அலைய வேண்டுவதில்லை. வாயிலில் முளைகளை நாட்டி, பைபோன்ற வலையை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகக் கட்டி, வற்று முடியுமட்டும் காத்திருந்தாற் போதும். இத்தொழிலைச் சிங்களத்திற் கட்டுதெல் என்பர். தெல் எனினும் வலை எனினும் ஒக்கும்.

சிக்கல் இனியே எழுகின்றது. வாயிலோ ஒடுங்கியது, வலைகட்டத்தக்க இடங்கள் சில, அவற்றுள்ளும் நீரோட்டம் மிக்க இடம் ஒன்று, மந்தமான இடம் ஒன்று. வற்றோ தனக்குரிய நேரத்தில் வந்து சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வலியவன் நல்ல இடத்தை நாடோறும் பற்றிக்கொண்டால் எளியவன் வீட்டில் அடுப்பெரியாது. இதனைத் தீர்க்கும்பொருட்டு மீனவர் கண்ட முறைக்குப் பாடு என்பது பெயர். நீர்கொழும்பில் இவ்வுரிமை நான்கு மீனவர் சங்கங்களுக்கு உரியது. அவை முறைவைத்து இடங்களைப் பெறுகின்றன. அங்கத்தவர்க்கு இடம் சீட்டுக் குலுக்கிப் பகிரப்படுகின்றது. இன்று நல்ல இடம் வாய்த்தவனுக்கு மற்றொரு நாள் மந்தமான இடம் வாய்க்கலாம். அதனால் எவனும் என்றைக்கும் இழந்தவனாகான். மக்கள் வழக்காக இருந்த இவ்வொழுங்கை 1958 ஆம் ஆண்டுப் பிரமாணங்களால் அரசும் ஏற்றுக்கொண்டது.

தமிழகத்துப் பழவேற்காட்டு ஏரியிலும் இம்முறை உண்டு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுட் சிலிக்காவுக்கு அடுத்த பெருமையுடையது அவ்வேரி. அங்கே கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர், இறாற்பாட்டை முறைவைத்தும் சீட்டிட்டும் பகிர்ந்து வந்துள்ளனர். கடலால் பிரிந்த இரு கரைகளில் ஒரே சொல்லும் ஒரே முறையும் வழங்குதல் நோக்கத்தக்கது. பாடு என்னும் சொல் உழைப்பையும் குறிக்கும், துன்பத்தையும் குறிக்கும், மீன்பாடு என்புழி வலையில் விழுந்த மீனையும் குறிக்கும். இம்மூன்றும் ஒரு சொல்லில் அடங்கியது மீனவர் வாழ்வுக்குப் பொருந்தியதே.

கண்டிப் பகுதியினர்க்கு இம்முறை புதிதன்று. சிறிய வயலொன்றைப் பங்காளர் துண்டுதுண்டாக்காது, ஆண்டுமுறை வைத்து ஒருவர்பின் ஒருவராக விதைக்கும் தட்டுமாறு வழக்கத்தை மலைநாட்டு உழவர் நன்கறிவர். அவர் நிலத்தைப் பகிர்ந்தது போலவே, களப்பு மீனவர் நீரோடும் நேரத்தைப் பகிர்ந்தனர்.

எனினும் பாட்டு முறையைக் குறையற்றதென யாம் கூறமாட்டோம். அம்முறை உள்ளிருப்போர்க்கு நீதி செய்கின்றது. வெளியிலுள்ளோர்க்கு வாயிலை அடைக்கின்றது. பிறப்பாலும் ஊராலும் உரிமை அமைதலின், பிறர் அதனுட் புகுதல் அரிது. பழவேற்காட்டில் இருளர் மக்கள் பாட்டுரிமையின்றி, ஆழமில்லா நீரிற் கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்து வாழ்கின்றனர். பங்கிடுதலின் அழகைப் புகழும்போது, பந்திக்கு வெளியே நிற்பவரையும் எண்ணுதல் எமது கடமையாம்.

இன்னுமொன்று. சீட்டு மீனைப் பங்கிடுமேயன்றி மீனைப் படைக்காது. கண்டற் காடு வெட்டப்பட்டால் குஞ்சுகளுக்குப் புகலிடமில்லை. வண்டல் நிறைந்தோ மணல் மேவியோ வாயில் தூர்ந்தால் பெருக்கு உட்புகாது. பழவேற்காட்டு முகத்துவாரத்தை மணற்றிட்டுகள் அடைக்குந்தோறும் மீனவர் துயருறுகின்றனர். 2021 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, பின்னர் மூழ்கியபோது, எண்ணிறந்த பிளாத்திக்கு மணிகள் நீர்கொழும்புக் கரையிலும் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது. தமக்குள் நேர்மையாகப் பங்கிட்ட மக்களுக்குப் பங்கிடுவதற்கே பொருளில்லாத நாட்கள் அவை. அவர்தம் சங்கங்களால் தடுக்கக்கூடிய தீங்கன்று அது.

ஆதலின் மாணவர்க்கு ஒன்று கூறுவாம். கடற்கரைக்குச் செல்ல நேர்ந்தால், துறையிலுள்ள தூணொன்றில் நீர்மட்டத்தை மணிக்கொருமுறை குறித்து, மறுநாளும் அவ்வாறே குறித்து, அவ்வன்றைத் திதியையும் பக்கத்தில் எழுதுக. இரண்டு நாழிகைப் பிந்துதலைத் தம் கண்ணாலேயே காண்பர். பின்னர் அங்குள்ள மீனவரை அணுகி, இன்று பாடு எவருடையது எனக் கேட்க. முதற்கணக்கு வானத்தினது, அடுத்தது மனிதரது. வானத்தின் கணக்கு எம்மால் மாறாது. மனிதரது கணக்கோ, காப்பார் உள்ளவரையே நிற்கும்.