கத்திரி வெயிலும் கல்லடைப்பும்: இப்போது செய்ய வேண்டியவை

மே 4 வாக்கில் கத்திரி தொடங்குகிறது. கல்லடைப்பு வலியோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் கூடும் காலம் இது. வியர்வையில் போன நீரை ஈடுகட்டாவிட்டால் சிறுநீர் அடர்ந்து, அதிலுள்ள கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் எல்லாம் படிகமாகப் படியும். கட்டட வேலைக்காரர்கள், லாரி ஓட்டுநர்கள், பக்கத்தில் கழிப்பறை இல்லையே என்று பகல் முழுக்கத் தண்ணீரைத் தவிர்க்கும் தெருவோர வியாபாரப் பெண்கள் ஆகியோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஏற்கெனவே கல் வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும். வெயிலில் அதற்கு மூன்று லிட்டருக்கு மேலேயே குடிக்க வேண்டியிருக்கும். இதய பலவீனம், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். கால்சியம் கல் என்று பயந்து பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் குடல் ஆக்சலேட்டைக் கூடுதலாக உறிஞ்சும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், ஆனால் கால்சியம் கல்லை அது கரைத்துவிடும் என்று நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். மருந்தால் நன்றாகக் கரைவது யூரிக் அமிலக் கல்தான். பீர் குடித்தால் கல் விழுந்துவிடும் என்று சொல்லும் நண்பர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்க வேண்டாம்.

விலாவில் தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் வலியோடு காய்ச்சலோ குளிரோ இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறுநீர் வராதவர்கள், ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்கள், கர்ப்பிணிகளுக்கும் இதே விதி. அடைப்புக்கு மேலே சீழ் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது முதலில் டியூப் வைத்து நீரை வடிப்பார்கள். கல்லைப் பிறகுதான் எடுப்பார்கள்.

மருந்துக்கடையில் ஊசி போட்டு வலி அடங்கிவிட்டால் கல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தப் பருவத்தின் பெரிய தவறு அதுதான். கல் நகராமலேயே வலி நின்றுபோகலாம். சிறுநீரகம் சத்தமில்லாமல் வீங்கிக்கொண்டிருக்கும். கல் போனதா இல்லையா என்பதைப் படம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் அல்ட்ராசவுண்ட் போதும். 2014-ல் அமெரிக்காவில் 15 அவசரப் பிரிவுகளில் 2,759 பேரிடம் நடந்த ஆய்வில், அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கும் சிடி ஸ்கேனில் தொடங்கியவர்களுக்கும் கடும் பாதிப்புகளில் பெரிய வித்தியாசம் இல்லை. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும் குறைந்தது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அல்ட்ராசவுண்டே சரி. ஆனால் சிறுநீர்க்குழாயின் நடுவே சிக்கிய கல்லைக் குடல் காற்று மறைத்துவிடும். எக்ஸ்ரேயில் யூரிக் அமிலக் கல் தெரியாது. சந்தேகம் தீராவிட்டால் டை போடாத, குறைந்த கதிர்வீச்சு சிடி எடுக்கச் சொல்வார்கள். கல்லைத் தேட மட்டும் என்றால் டை ஊசி பொதுவாகத் தேவையில்லை. யாராவது போடச் சொன்னால் எதற்கு என்று கேளுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.

கல்லின் அளவு, இடம், கடினம் ஆகிய மூன்றும் சிடி படத்தில் இருக்கின்றன. சிகிச்சையை முடிவு செய்வதும் அவைதான். 5 மி.மீ.க்குக் குறைந்தவை பெரும்பாலும் தானாகவே விழும். நான்கு முதல் ஆறு வாரம் பார்க்கலாம், மறு ஸ்கேன் உறுதி. இந்த நாள்களில் டீ வடிகட்டியில் சிறுநீரை வடித்து, கல் கிடைத்தால் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிறுநீரகத்திலேயே இருக்கும், அதிகம் கெட்டிப்படாத கல்லுக்கு அதிர்வலை; 1980-ல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்ட இந்த முறைக்கு வெட்டுத் தேவையில்லை, ஆனால் கர்ப்பிணிகளுக்குக் கூடாது. குழாயில் சிக்கியதற்குச் சிறுநீர்ப் பாதை வழியே கேமரா செலுத்தி லேசர். 2 செ.மீ.க்கு மேல் என்றால் முதுகில் சிறு துளை. எந்த முறைக்கும் முன்பு சிறுநீர்க் கல்ச்சர் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

லேசருக்குப் பிறகு உள்ளே டிஜே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாய் வைத்திருந்தால், எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதி வாங்குங்கள். மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து, எடுப்பதற்கு இன்னொரு அறுவைச் சிகிச்சை வேண்டியிருக்கும். சென்ற கோடையில் வைத்த ஸ்டென்டோடு யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரமே அழைத்துப் போங்கள்.