பங்கில் மறைந்திருக்கும் பெட்சலேல்கள்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் எமது பங்குகளில் வேலைக்குக் குறைவில்லை. கதிரை அடுக்க ஒருவர், தோரணம் கட்ட ஒருவர், பாடல் பழக்க ஒருவர் என்று எல்லோரும் முன்வருவார்கள். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பத்து வருடங்களுக்கு முன் கதிரை அடுக்கியவர் இன்றும் கதிரைதான் அடுக்குகிறார். அவருடைய கைகளில் வேறென்ன திறமை உண்டென்று எவரும் கேட்டதில்லை.

விடுதலைப் பயண நூலின் 31ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சந்திப்புக் கூடாரம் அமைக்க வேண்டிய வேளையில் கடவுள் பெட்சலேல் என்பவரைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவர் குருவல்லர்; பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்யும் கைவினைஞர். அவரையே கடவுள் தம் ஆவியால் நிரப்பினார். 35ஆம் அதிகாரமோ, வெள்ளாட்டு உரோமத்தை நூற்ற பெண்களின் திறமையையும் மறவாமல் குறிப்பிடுகிறது. பெட்சலேலுக்கும் அவருடைய துணைவரான ஒகொலியாபுக்கும் பிறருக்குக் கற்பிக்கும் ஆற்றலும் அருளப்பட்டது என்று அங்கேயே காண்கிறோம். கொடை பெற்றவர் அதைத் தம்மோடு முடித்துவிடலாகாது என்பதே இதன் பாடம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1965இல் வெளியிட்ட பொதுநிலையினர் பற்றிய ஏட்டில், எளிய கொடையைப் பெற்றவருக்கும் அதைப் பிறர் நலனுக்காகப் பயன்படுத்தும் உரிமையும் கடமையும் உண்டெனக் கற்பிக்கிறது. மேய்ப்பர்கள் கொடைகளைச் சோதித்தறிய வேண்டும். ஆவியின் செயலை அணைத்துவிடக் கூடாது என்பதும் அதே போதனை.

சோதித்தறிவது எப்படி? எங்கள் கூத்து மரபு வழிகாட்டுகிறது. அண்ணாவியார் முதலில் ஒவ்வொருவரின் குரலையும் ஆட்டத்தையும் பார்ப்பார். அதற்கேற்பவே பாத்திரத்தைக் கொடுப்பார். பின்பு பல நாட்கள் இராவிராவாகப் பழக்கி, தவறைத் திருத்தி, அதன் பிறகே அரங்கேற்றுவார். பங்குப் பணிக்கும் இது பொருந்தும். "யார் சும்மா இருக்கிறார்?" என்று ஆள் தேடுவதை விட்டு, "யாருக்கு எது வரும்?" என்று பார்க்க வேண்டும். முதலில் சிறிய பொறுப்பு. அருகில் அனுபவசாலி ஒருவர். முடிந்ததும் ஒரு பாராட்டும் தனிமையில் ஒரு திருத்தமும். இவை போதும்.

முதல் முயற்சியில் ஒருவர் தடுமாறினால்? மாற்கு என்ற யோவான் பணியின் நடுவே திரும்பிப் போனவர். பவுல் அவரை மீண்டும் அழைத்துச் செல்ல விரும்பவில்லை. பர்னபாவோ தம்மோடு சேர்த்துக்கொண்டார் (திருத்தூதர் பணிகள் 15). பிற்காலத்தில் பவுலே, மாற்கு தமது பணிக்குப் பயன்படுவார் என்று எழுதி அவரை அழைத்துவரச் சொன்னார் (2 திமொத்தேயு 4:11). ஒரு பிழைக்காக ஓர் இளைஞனை ஒதுக்கிவைக்கும் பங்கு, ஒரு மாற்கை இழந்துவிடலாம்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை கொப்பியின் ஓரத்தில் கீறும் படத்தை வீண்வேலை என்று தள்ளாதீர்கள். பொறுப்பிலுள்ளோரே, இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், இதுவரை எவரும் எதுவும் கேட்டிராத ஒருவரை அணுகி, "உங்களுக்கு எதிலே விருப்பம்?" என்று கேளுங்கள். கடவுள் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்தார். நாமும் நம்மவர்களைப் பெயர் சொல்லி அழைப்போம்.