படித்தலும் பயிலுதலும்



தேர்வு நெருங்கிவிட்டால் ஆரியசாலையில் நம்மவர் தங்கியிருக்கும் அறைகளில் நள்ளிரவு கடந்தும் விளக்கெரிவதைக் காண்கிறேன். ஒரே பாடத்தை நான்கு முறை, ஐந்து முறை படிக்கின்றனர். ஆயினும் வினாத்தாள் கைக்கு வந்ததும், படித்தது நினைவுக்கு வரவில்லையே என்று வருந்துவோர் பலர். உழைப்பில் குறையில்லை; உழைக்கும் முறையில்தான் குறை.

திரும்பத் திரும்பப் படிக்கும்போது பாடம் பழகிய முகமாகிவிடுகிறது. பழகிய முகத்தைக் கண்டதும் தெரிந்தவர் என்று புன்னகைக்கிறோம். பெயரைக் கேட்டால் விழிக்கிறோம். அறிமுகம் வேறு, அறிவு வேறு.

இதனைப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலின் பாயிரத்தில் கணக்கிட்டுக் காட்டினார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவனுக்குக் கிட்டுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு கால். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வந்து சேரும். கேட்டதைச் சிந்தித்தல், வினாவுதல், வினாவுக்கு விடை கூறுதல் ஆகியவற்றையும் அவர் நூல் பயிலும் இயல்பிலே சேர்த்தார்.

இன்றைய உளவியலும் இதற்குத் துணை நிற்கிறது. அமெரிக்க ஆய்வாளர்களான ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவரில் சிலர் ஒரு பகுதியை இருமுறை படித்தனர். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, அதைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவரே முந்தினர்: 81 விழுக்காடு, மற்றவர் 75. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: இருமுறை படித்தவருக்கு 42, எழுதிப் பார்த்தவருக்கு 56. விடியற்காலையில் படித்து அன்றே தேர்வெழுதுவோர் ஏமாறும் இடம் இதுதான். அன்றைக்கு வேண்டுமானால் அது கைகொடுக்கலாம். அடுத்த பருவத்திற்கு ஒன்றும் மிஞ்சாது.

நம் தெருவை அடுத்த சாலைக் கடைத்தெருவைப் பாருங்கள். எந்த வணிகரும் மூட்டையைப் பார்த்தே இருப்பை முடிவு செய்வதில்லை. எண்ணியும் நிறுத்துமே கணக்கெழுதுவர். நம் படிப்புக்கும் அத்தகைய இருப்புக் கணக்கு வேண்டும். அதற்கு நான் கைக்கொள்ளும் வழிகள் இவை:

1. அன்றைய பாடத்தை அன்று மாலையே, புத்தகத்தை மூடிவைத்து ஒரு பக்கம் எழுதுவேன். பிறகே புத்தகத்தைத் திறந்து விடுபட்டதைக் குறிப்பேன்.

2. அதே பாடத்தை மறுநாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து மீண்டும் நினைவிலிருந்து எழுதுவேன். மறதி தொடங்கும் வேளையில் முயன்று நினைவுகூர்வதே மனத்தில் ஆழப் பதிகிறது.

3. ஆங்கிலத்தில் கேட்ட பாடத்தை அறைத்தோழருக்குத் தமிழில் விளக்குவேன். சொல்லத் தடுமாறும் இடமே எனக்கு விளங்காத இடம்.

4. வாரம் ஒருநாள் இருவர் மாறி மாறி வினாக் கேட்டுக்கொள்வோம்.

நம்மில் பலர் குமரி, நெல்லைப் பகுதிகளிலிருந்து வந்து, பெற்றோர் வயிற்றைக் கட்டி அனுப்பும் பணத்தில் இங்கே தங்கிப் படிப்பவர்கள். அந்தப் பணத்துக்கு ஈடாக நாம் ஊருக்குக் கொண்டுபோக வேண்டியது மதிப்பெண் பட்டியல் மட்டுமன்று; பிறருக்கு எடுத்துச் சொல்லக்கூடிய அறிவு. ஆகவே தோழர்களே, இன்றிரவு ஒரு பாடத்தையாவது படித்து முடித்தபின் புத்தகத்தை மூடுங்கள். நினைவிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.